"வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் பேசுவாங்க" என்று மூன்று நாள் காத்திருக்காதீர்கள்

போன சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு 76 வயது அம்மா ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். புதன்கிழமையே பேச்சு தடுமாறியிருக்கிறது. காலமாகிவிட்ட கணவருக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழிப்பு. "வயசாயிடுச்சில்ல டாக்டர், அதான் விட்டுட்டோம். இன்னைக்குக் கண்ணே திறக்கல" என்றார் மகன். ரத்தத்தில் சோடியம் 112. குறைந்தது 135 இருக்க வேண்டும்.

இந்த மாதம் எங்கள் எமர்ஜென்சிக்கு இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது. நான்கு வீட்டாரும் சொன்னது அதே வார்த்தை: வயசாயிடுச்சு.

முதுமை ஒரே ராத்திரியில் வந்து இறங்காது. போன வாரம் பால் கணக்குப் பார்த்தவர் இந்த வாரம் மருமகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டால் அது வயதின் வேலை கிடையாது. உடம்பில் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது, மூளை அதைக் காட்டிக்கொடுக்கிறது. டெலிரியம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்தில், இரண்டொரு நாளில் வந்துவிடும். ஒரே நாளுக்குள் ஏறும், இறங்கும். காலையில் தெளிவாகப் பேசுவார், விளக்கு வைக்கும் நேரத்தில் பிதற்றுவார். "காலைல நல்லாத்தானே பேசினாங்க, வேணும்னே பண்றாங்க" என்று பெரியவர்களைத் திட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து திட்டாதீர்கள்.

கத்தினால், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினால் உடனே கூட்டி வருகிறீர்கள். அமைதியாகச் சுருண்டு படுத்துவிட்டால் "பாவம், அசதி" என்று போர்த்திவிடுகிறீர்கள். எனக்கு அந்த அமைதிதான் அதிக பயம். "அவருக்கு ஏற்கெனவே மறதி நோய் இருக்கு" என்பதும் சமாதானம் ஆகாது. டெலிரியம் எளிதில் வருவதே அவர்களுக்குத்தான்.

காரணம் எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா, நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு, சிறுநீரில் கிருமி, ஐந்து நாள் மலச்சிக்கல், இரண்டு வாரத்துக்கு முன் பாத்ரூமில் விழுந்து மூளையைச் சுற்றி மெல்லக் கசிந்த ரத்தம். எல்லாவற்றுக்கும் வீட்டார் சொல்லும் அறிகுறி ஒன்றே: "ஒரு மாதிரியா இருக்காங்க."

அந்த அம்மாவின் சோடியத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தது நான். (ஒரு நாளைக்கு இத்தனைதான் ஏற்றலாம் என்று அளவு உண்டு. வேகமாக ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும். "ஏன் சார் இழுத்தடிக்கிறீங்க?" என்று சண்டைக்கு வராதீர்கள்.) ஆனால் சோடியம் ஏன் இறங்கியது என்று கண்டுபிடித்தது நான் இல்லை. மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்த நைட் டியூட்டி சிஸ்டர். இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பி.பி. மாத்திரைகள். பெயர் வேறு வேறு, இரண்டுக்குள்ளும் இருந்தது சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றும் அதே நீர் மாத்திரை. மறுநாள் காலை வந்த பார்மசிஸ்ட் அதை உறுதி செய்ததோடு, பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட தூக்க மாத்திரை ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அடிவயிறு உப்பியிருப்பதைக் கவனித்ததும் சிஸ்டர்தான். ஸ்கேனில் 700 மில்லி சிறுநீர் தேங்கியிருந்தது. மூன்றாம் நாள் எழுப்பி நடக்கவைத்த பிசியோதெரபிஸ்டிடம்தான், சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதையும் இரண்டு தடவை விழுந்ததையும் அந்த அம்மா சொன்னார். மகனுக்கே அது தெரியாது.

ஒரு டாக்டரின் பத்து நிமிடத்தில் இவ்வளவும் வெளிவராது. நம் அவசரப் பிரிவுகள் விபத்தையும் மாரடைப்பையும் மனதில் வைத்துக் கட்டியவை: ஒடுங்கிய ட்ராலி, ராத்திரியும் அணையாத விளக்கு, சன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. தெளிவாக வருகிற பெரியவரே அங்கே குழம்பிப்போவார். அமெரிக்காவில் 2014இல் அவசர மருத்துவர்கள், முதியோர் மருத்துவர்கள், செவிலியர்களின் அமைப்புகள் சேர்ந்து முதியோருக்கான அவசர சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டன. அது சொல்லும் குழுவில் மருந்தாளுநர், பிசியோ, சமூகப் பணியாளர் எல்லாரும் இருக்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்குத் தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கிவிட்டது. அந்தக் கவனம் கேஷுவால்ட்டி வாசல்வரை இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ராத்திரி ஒரு மணிக்கு எங்களிடமே பிசியோ கிடையாது.

அதனால்தான் வீட்டாரையும் குழுவில் சேர்த்துப் பேசுகிறேன். பெரியவரோடு கூடவே இருப்பவர் வாருங்கள். பெங்களூரிலிருந்து போனில் பேசும் பிள்ளைக்கு நேற்று அப்பா எப்படி இருந்தார் என்று தெரியாது. சித்தா, ஆயுர்வேதம், மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்று மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் வரட்டும். காது கேட்காதவர் பதில் சொல்லாததைக் குழப்பம் என்று நாங்கள் எழுதிவிடக் கூடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். கையைக் கட்டச் சொல்லாதீர்கள். ராத்திரி எழுப்ப வேண்டாமே என்று சிறுநீர்க் குழாய் கேட்காதீர்கள், கிருமிக்கு அது நேர் வழி. தூங்க ஊசி கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, இது ஆஸ்பத்திரி, நான் உங்கள் மகள், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் நாலு அடி நடக்கவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் மறந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அந்த அம்மா ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். இன்னும் சாயங்காலத்தில் கொஞ்சம் தடுமாறுகிறாராம். சிலருக்குத் தெளிய வாரக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அடுத்த செவ்வாய் மாத்திரைப் பையோடு வரச் சொல்லியிருக்கிறோம்.