மூத்திரப் பையை யார் காலி செய்தது?

இரவு இரண்டரை மணி. பிரசவ வார்டில் நான்காம் கட்டில் பெண்ணுக்கு வலிப்பு வராமல் தடுக்கும் மேக்சல்ஃப் ஊசி, அடுத்ததற்கு நேரமாகிவிட்டது. போர்வையை விலக்கினால் யூரின் பை காலி. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கீழே பாயில் படுத்திருந்த அவளுடைய அம்மா எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "பை நெறஞ்சிருந்துச்சு சிஸ்டர். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் கொண்டுபோய்க் கொட்டிட்டேன்."

பாவம், உதவி என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் அளவு தெரியாமல் அந்த ஊசியைப் போட முடியாது. டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் புதிதாக அளந்தோம். 40 மில்லி வந்தது. அதற்குப் பிறகே ஊசி.

மேக்சல்ஃப் என்று வார்டில் நாங்கள் சொல்வது மெக்னீசியம் சல்பேட்டை. கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. 160/110 என்று ஏறி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் நாங்கள் காத்திருப்பதில்லை, இந்த ஊசியை ஆரம்பித்துவிடுவோம். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. இந்த மருந்து வலிப்பு அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அது காட்டியது. இது பி.பி. மருந்து அல்ல, அதற்குத் தனி மாத்திரையோ ஊசியோ உண்டு.

முதலில் 4 கிராம் நரம்பில். நான்கு ஆம்பியூல், அதாவது 8 மில்லி மருந்துடன் 12 மில்லி சலைன் கலந்து, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ஏற்ற வேண்டும். "ஒடம்பெல்லாம் தீயா எரியுது" என்று பதறுவார்கள். அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். பிறகு இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாக. ஒரு பக்கத்துக்கே 10 மில்லி. வலி உயிர் போகும். அதனால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஒரு மில்லி சேர்ப்போம். அதற்கப்புறம் நான்கு மணிக்கொரு தடவை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி.

இந்த மருந்து உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகம் ஒன்றுதான் வழி. இந்தக் கர்ப்பகால பி.பி. நோயோ சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதனால்தான் பையை அப்படிப் பார்க்கிறோம்: நான்கு மணி நேரத்தில் குறைந்தது 100 மில்லி வந்திருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ள வேண்டும். மருந்து தேங்கினால் முதலில் போவது அந்தத் துள்ளல், அடுத்தது மூச்சு. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10 மில்லி, கட்டிலருகே டிரேயில் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்துச் சாவியைத் தேடக் கூடாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், மணிக்கு மணி 'நீ ஜெர்க் (knee jerk) இருக்கிறது', அதாவது முட்டி துள்ளுகிறது என்று எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்டில் சுத்தியலே கிடையாது. சுத்தியல் இல்லாவிட்டால் கையின் ஓரத்தால் தட்டலாம். தட்டாமல் எழுதுவதை என்னவென்று சொல்ல? இன்னொன்று, முதுகில் மயக்க ஊசி போட்டு சிசேரியன் ஆனவர்களுக்குக் கால் துள்ளாது. முழங்கை மடிப்பில் தட்டிப் பார்க்க வேண்டும்.

"இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பாதீங்க" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். அது அசதித் தூக்கமா, மருந்து மிஞ்சிய மயக்கமா என்பது எழுப்பினால்தான் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் "இனி எதுக்கு ஊசி?" என்பார்கள். பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் தொடர வேண்டும். பிரசவத்துக்கு அப்புறம் வலிப்பு வந்திருந்தால், அந்தக் கடைசி வலிப்பிலிருந்து 24 மணி நேரம். வீட்டுக்குப் போன பிறகும் வலிப்பு வரலாம். தலை வெடிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று பிள்ளை பெற்றவள் சொன்னால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் யூரின் பையில் பிளாஸ்டர் ஒட்டி எழுதிவிடுகிறேன்: 'கொட்டாதீங்க, சிஸ்டரைக் கூப்பிடுங்க.'