கிராஜுவிட்டி 'அன்ஃபண்டட்' எண்டா காசு இல்லையெண்டு அர்த்தமா?

கொழும்பு கொட்டாஞ்சேனைல இருக்கிற என்ர மாமி மகள் போன கிழமை வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. அவ வேல செய்யிற கம்பனிட வருசக் கணக்கு, கடைசிப் பக்கத்துக் குட்டி எழுத்து, கிராஜுவிட்டிக்கு (வேல விட்டுப் போகேக்க சேவைக் காலத்துக்காக கம்பனி தார பணிக்கொடை) நேரா 'அன்ஃபண்டட்' எண்டு போட்டிருக்கு. கீழ கேள்வி: "அண்ணா, அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லையா? ரிசைன் லெட்டர குடுத்துட்டு வேற இடம் பாக்கவா?"

செக் திரும்பி வந்தா பேங்க்ல காசு போதாது எண்டு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்டில்ல. அன்ஃபண்டட் எண்டா அந்தக் கடனுக்கெண்டு காச தனியா எடுத்து ஒரு இடத்துல போட்டு வைக்கல்ல, அவ்வளவுதான். கடன் இருக்கு, கணக்குலயும் எழுதியிருக்கு, ஆனா நீங்க போற அண்டைக்கு கம்பனி தன்ர பையில இருந்துதான் எடுத்துத் தரணும்.

ஈபிஎஃப்போட, அதுதான் ஊழியர் சேமலாப நிதியோட, வச்சுப் பாத்தா சட்டெண்டு விளங்கும். எங்கட சம்பளத்துல 8%, கம்பனி 12%, மாசாமாசம் மத்திய வங்கி பாக்கிற நிதிக்குப் போகுது. ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு கம்பனி வேற 3% கட்டுது. இதுதான் ஃபண்டட், கட்டின காசு கம்பனிட கைய விட்டுப் போயிட்டுது, நாளைக்கு கதவ மூடினாலும் அது உங்கட பேர்ல கிடக்கும். (ஃபண்டட் எண்டா ஆபத்தே இல்லையெண்டும் நினைக்காதீங்க, 2023ல அரசாங்கம் தன்ர உள்நாட்டுக் கடன மறுசீரமைச்சப்ப, ஈபிஎஃப் வச்சிருந்த திறைசேரி பொண்டுகளையும் (அரசாங்கத்துக்குக் குடுத்த கடன் பத்திரங்கள்) வேற பொண்டுகளா மாத்தினவங்கதானே.) சில கம்பனி கிராஜுவிட்டிக்கும் தனியா ஃபண்ட் வச்சிருக்கும், நிறைய இடத்துல இல்ல.

அரசாங்க உத்தியோகத்தர்ட பென்ஷனும் அன்ஃபண்டட்தான். திறைசேரி அந்தந்த வருச வருமானத்துல இருந்து குடுக்குது, எங்கயும் ஒரு பெட்டியில சேத்து வைக்கல்ல. அதுக்காக யாராவது பென்ஷன் இல்லையெண்டு சொல்லுவாங்களா?

சரி, கிராஜுவிட்டிக்கு வருவம். இலங்கையில இதுக்கெண்டு இருக்கிறது 1983ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம். கம்பனியில 15 பேர் அல்லது கூட இருக்கணும், நீங்க 5 வருசம் முழுசா முடிச்சிருக்கணும். மாசச் சம்பளக்காரருக்கு கடைசியா எடுத்த சம்பளத்துல பாதி, அத சேவை செய்த வருசத்தால பெருக்கணும். பேசிக்கும் வாழ்க்கைச் செலவுப் படியும் கணக்குல வரும், ஓவர்டைம் வராது. நீங்களா ரிசைன் பண்ணினாலும் உண்டு, இத தெரியாம விட்டுட்டுப் போன ஆக்கள் எத்தின பேர். களவு, மோசடி, வேணுமெண்டு சேதப்படுத்தினது மாதிரி விசயத்துல மட்டும் அந்த நட்டத்தளவுக்கு வெட்டலாம்.

வேல விட்டு 30 நாளைக்குள்ள தரணும். பிந்தினா பிந்தின காலத்தப் பொறுத்து 10%ல இருந்து 30% வரைக்கும் மேலதிகமா கட்டணும். அன்ஃபண்டட் எண்டபடியா கையில காசில்ல, அடுத்த வருசம் பாப்பம் எண்டு எச்ஆர்ல சொன்னா அது சட்டத்துல ஒரு காரணமே இல்ல, லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு போடுங்க, கட்டாட்டி தொழில் ஆணையாளர் மஜிஸ்ட்ரேட் கோட்டுக்குக் கொண்டு போகலாம். 15 பேருக்குக் குறைஞ்ச இடமெண்டா தொழில் நியாய சபைக்குப் போகணும், அது கொஞ்சம் இழுபடும்.

மாமி மகளுக்கு சேவை 4 வருசமும் 9 மாசமும். சம்பளம் 84,000 ரூபா. இண்டைக்கு லெட்டர் குடுத்தா இந்தச் சட்டத்துல ஒரு சதமும் இல்ல, மூண்டு மாசம் பொறுத்தா 42,000 தர 5, ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். இத எழுதி அனுப்பினன், ரெண்டு நீலச் சரி விழுந்துச்சு, கொஞ்ச நேரத்தால "லெட்டர டிராயர்ல வச்சிட்டன் அண்ணா" எண்டு பதில் வந்துச்சு.