பாலையாதல்: சொல் விளக்கம்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், "நம்ம மண்ணும் பாலைவனமாகுது" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கேரளாவில் ஏது பாலைவனம் என்பார்கள். குறை அந்தச் சொல்லில்தான். பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தானே கண்ணுக்கு வருகின்றன?

ஆங்கிலத்தில் இதற்கு டெசர்டிஃபிகேஷன் என்று பெயர். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆப்ரேவில் 1949-இல் ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றி எழுதிய நூலால் இச்சொல் பரவியது. அதன் லத்தீன் வேருக்குக் 'கைவிடப்பட்டது' என்று பொருள். மலையாளத்தில், பாலைவனத்தைக் குறிக்கும் மருபூமியிலிருந்து 'மருவல்க்கரணம்' என்கிறார்கள். இருக்கும் பாலைவனம் நகர்ந்து வந்து ஊரை விழுங்குவதை டெசர்டிஃபிகேஷன் குறிக்கவில்லை. வறள்நிலங்களில் மண் தன் வளத்தை இழப்பதையே குறிக்கிறது. காலநிலை மாறுபாடும் மனிதச் செயலும் அதற்குக் காரணங்கள் என்று 1994-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது.

இந்தப் பொருளுக்கான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், வேனிலில் நிலம் படும் பாட்டை இப்படிச் சொல்கிறான்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

பாலை தனியான ஒரு நிலமன்று. காடும் மலையும் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவம். உடன்படிக்கையின் வரையறையோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது, பாருங்கள்! அதனால் 'வனம்' என்ற ஒட்டு வேண்டாம். 'பாலையாதல்' என்பதே சரி. தானாக நிகழ்வது பாலையாதல், நாம் செய்வது பாலையாக்கல் என்று பிரித்துச் சொல்லவும் இது இடம் தருகிறது. வறட்சி வேறு: அது மழை பொய்த்த காலம், வரும், போகும். தரிசு என்பது பயிர் வைக்காத நிலம், அவ்வளவுதான்.

பாலை என்பது மரத்தின் பெயரும்கூட. பாலைமரக் காடு என்பதால்தான் பாலக்காடு என்று பெயர் வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு.

சிலம்பின் பாலை வேனிலோடு வருவது. மழை விழுந்தால் முல்லை திரும்பிவிடும். காலநிலை மாற்றம் இந்தத் திரும்புதலைத்தான் பறிக்கிறது. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்தத் தாகத்துக்கு மண்ணும் இலையும்தான் நீர் கொடுக்க வேண்டும். மழையோ நாலு நாளில் கொட்டித் தீர்க்கிறது. இறுகிய மண் அதைக் குடிப்பதில்லை, மேல்மண்தான் அடித்துப் போகிறது. மட்கு, அதாவது மக்கிய இலைதழை, குறைந்த மண் அடுத்த மழையை இன்னும் குறைவாகப் பிடிக்கும். 2020 வரையான 30 ஆண்டுகளில் உலக நிலப்பரப்பில் 77.6 சதவீதம் அதற்கு முந்தைய 30 ஆண்டுகளைவிட வறண்டதாக இருந்தது என்று ஐ.நா.வின் 2024 அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் சுமார் 9.78 கோடி ஹெக்டேர் நிலம் வளம் கெட்டுக் கிடப்பதாக இஸ்ரோவின் நிலவரைபடம் காட்டுகிறது.

எங்கள் ஊர்கள் மழைமறைவில் இருப்பவை. கேரளத்தின் சராசரி மழையில் பாதிகூட இங்கே பெய்வதில்லை. தமிழ்நாட்டின் ஆழியாற்றிலிருந்து எல்லையோர மணக்கடவு அணைக்கட்டில் தண்ணீர் விட்டாச்சா என்பதுதான் டீக்கடையில் முதல் கேள்வி. போன கோடையில் பக்கத்துத் தோப்பில் போர் போட்டார்கள். ஆயிரம் அடி தாண்டியும் குழாயிலிருந்து வெள்ளைப் புகையாகப் பாறைத்தூள்தான் பறந்தது. மட்டை தொங்கிய தென்னையடியில் குரும்பைகள் கொட்டிக் கிடந்தன. தோப்புக்காரப் பெரியவர் ஒரு மண்கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை.

"மண்ணு செத்துப்போச்சு கண்ணு" என்றார்.

'நல்லியல்பு இழந்து' என்று மறையவன் சொன்னதும் இதைத்தான்.