எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கதை ஏன் புரிவதில்லை?

நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் உரக்கப் படித்துவிட்டு, "என்ன கதை?" என்று கேட்டதும் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. கவனம் இல்லை என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் வாசிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அந்தப் பிள்ளை தன் பங்கை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, கேட்டால் புரியும் மொழித்திறனால் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பது இங்கே முக்கியம். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

முதல் திறனைப் பயிற்சிதான் தரும். மூளையின் இடப்பக்கம், பின்புறத்து அடிப்பகுதியில், எழுத்துருவை அடையாளம் காணும் ஓர் இடம் படிக்கப் படிக்க உருவாகிறது. எழுத்தறியாதவர்களிடம் அது அந்த வேலைக்குப் பழகியிருப்பதில்லை. தமிழில் எழுத்து 247 என்றாலும் 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டால் மற்றவை பெரும்பாலும் விளங்கிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் கொம்பும் துணைக்காலும் இருபுறமும் நின்று ஒரே உயிரைக் குறிக்கின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை ‘வந்துகொண்டிருந்தார்கள்’ முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடும். கூட்டுவது தானாக நடக்கும் அளவுக்குப் பழகினால்தான் பொருளை நினைக்க மனத்தில் இடம் கிடைக்கும்.

இரண்டாம் திறன்தான் நீலகிரியில் அதிகம் கவனிக்க வேண்டியது. இங்கே வீட்டில் படகர்களின் மொழியான படகு பேசும் பிள்ளைகள் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் மொழிகளைப் பேசுவோரும், கூடலூர்ப் பக்கம் பணியர் மொழியும் மலையாளமும் பேசுவோரும் உண்டு. படகு பேசும் பிள்ளைக்குப் ‘பால்’ ‘ஹாலு’, ‘பல்’ ‘ஹல்லு’. தமிழில் ‘ப’ தொடங்கும் இடத்தில் படகு மொழியில் பல சொற்களில் ‘ஹ’ வரும் என்ற ஒரே ஒழுங்கை ஆசிரியர் காட்டிக்கொடுத்தால் ஒரு கொத்துச் சொற்கள் சேர்ந்து வரும். வீட்டு மொழியை வகுப்பில் அடக்குவது இந்த வாய்ப்பை வீணாக்குவது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். தேயிலைத் தோட்ட லைன் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் ‘போயிட்டாங்க’தான் பழக்கம், ‘போய்விட்டார்கள்’ புத்தகத்தில் சந்திக்கும் புதுச்சொல்.

இலக்கணம் அப்படியில்லை, அது பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958-ல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு விலங்கைப் படமாகக் காட்டி, அதற்கொரு பொய்ப்பெயரும் வைத்தார். இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டபோது பெரும்பாலான சிறுபிள்ளைகள் சரியான பன்மையைச் சொன்னார்கள். தமிழ் பேசும் வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பொம்மைக்கு ‘மிலி’, இன்னொன்றுக்கு ‘டுமா’ என்று பெயர் வைத்து, "எதைத் தூக்கணும்?" என்று கேளுங்கள். ‘மிலிய’, ‘டுமாவ’ என்று வரும். யகரமும் வகரமும் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து நிற்கும். உடம்படுமெய் விதியைப் பலகையில் எழுதும்போது இதை நினைவூட்டினால், பிள்ளை தான் அறிந்ததற்கு ஒரு பெயரைக் கற்றுக்கொள்கிறது.

எழுதும்போது வரும் பிழைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘பனி’, ‘பணி’ இரண்டையும் இன்று பலர் ஒன்றுபோலவே உச்சரிக்கிறோம். சொல்வதை எழுதுதலில் பிள்ளை மாற்றி எழுதினால் காதைக் குறை சொல்ல முடியாது. அந்த வேறுபாடு கண்ணால் பழக வேண்டியது. சிவப்பு மையால் சுழித்துப் பத்து முறை எழுதச் சொல்வதற்குப் பதில், உறைபனி விழுந்த காலையைப் பற்றி அவர்களே இரண்டு வரி எழுதட்டும். பிறகு அச்சில் வந்த பத்தி ஒன்றைக் கொடுத்து, தம் சொற்களோடு ஒப்பிட்டுத் தாமே திருத்தச் சொல்லலாம்.