மணமேடை ஒப்பனையும் பார்ப்பவர் கண்ணும்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் விடிகாலை முகூர்த்தம் என்றால் நள்ளிரவு தாண்டியவுடனே மணப்பெண்ணின் அறையில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். ஒப்பனைக் கலைஞர் பெட்டியைத் திறந்ததும் பெண்ணின் பெரியம்மாவோ அத்தையோ சொல்லும் முதல் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றுதான்: "புள்ள கொஞ்சம் கலராத் தெரியோணுமுங்க." அதற்கு இணங்கி, பெண்ணின் சொந்த நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுத்த ஃபவுண்டேஷன் முகத்தில் ஏறுகிறது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி இட்ட கை இன்னொரு நிறம் என்று அவள் மேடையேறுகிறாள். ஒப்பனை எப்படி வேலை செய்கிறது, பார்ப்பவர் கண் ஒரு முகத்தை எப்படி அளக்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால், அந்த வேண்டுகோளுக்கும் ஒப்பனையின் அடிப்படை வேலைக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பது புலப்படும்.

தோலின் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது; எண்ணெய் வழியும் நெற்றியில் நாம் காணும் பளபளப்பு அதுதான். மீதி ஒளி உள்ளே நுழைந்து, தோலின் நார்களுக்கிடையே சிதறி, மெலனின் நிறமியாலும் இரத்தத்தின் சிவப்பு நிறமியாலும் ஓரளவு உறிஞ்சப்பட்டு, எஞ்சியது வெளியே வருகிறது. அப்படி வெளிவரும் ஒளியே தோலின் நிறம். கன்னத்தில் படரும் மங்கு, பரு ஆறிய கரும்புள்ளி, கண்ணுக்குக் கீழே தோன்றும் கருவளையம் ஆகியவை பெரும்பாலும் இந்த நிறமிகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதன் விளைவுகளே.

ஃபவுண்டேஷன் இந்த ஒளியின் பாதையில் குறுக்கிடுகிறது. சந்தையில் எத்தனை ஷேடுகள் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை நான்கு நிறமிகளின் கலவைதான்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றுக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடுகள். டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 2.5க்கு மேல்; அதைச் சுமந்திருக்கும் சிலிக்கோன் எண்ணெயின் எண்ணோ 1.4 அளவில் நிற்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் நுண்துகள்கள் ஒளியைப் பலமாகச் சிதறடிக்கின்றன. மெல்லிய பூச்சே அடியிலுள்ள புள்ளிகளை மறைத்துவிடுகிறது. வெள்ளை மறைக்கிறது, இரும்பு ஆக்சைடுகள் அந்த வெள்ளையைத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவருகின்றன. சிலிக்கோன் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியானதும் நிறமிகள் மென்படலமாக ஒட்டிக்கொள்ள, மேலே தூவும் பவுடர் எண்ணெயை உறிஞ்சிப் பளபளப்பை அடக்குகிறது.

வெளுத்த ஷேடு எனில் வெள்ளை நிறமி கூடுதல், இரும்பு ஆக்சைடு குறைவு என்று பொருள். கருமையான பரப்பின் மேல் வெள்ளைத் துகள்கள் மெல்லியதாகப் படரும்போது அவை நீல ஒளியைச் சற்றுக் கூடுதலாகச் சிதறடிப்பதால், முகம் சிவப்பாவதற்குப் பதில் சாம்பல் பூத்தாற்போல ஆகிறது. கேமராவின் ஃபிளாஷ் நேராக அடிக்கும்போது அந்தத் துகள்கள் ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதால், மண்டபத்தில் நன்றாகத் தெரிந்த முகம் ஆல்பத்தில் சுண்ணாம்பாய் நிற்பதும் உண்டு. கலைஞரின் கைத்திறனைக் குறைசொல்லி இதில் பயனில்லை. கேட்ட ஷேடின் இயற்பியல் அது.

நம் பாட்டிமார்கள் பூசிய மஞ்சள் வேறு வழியில் வேலை செய்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளானாலும் சரி, முகத்துக்கென்றே வாங்கும் கஸ்தூரி மஞ்சளானாலும் சரி, அதன் சாயம் நீல ஒளியை உறிஞ்சித் தோலின் மேலடுக்கில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயலை ஏற்றுகிறதே ஒழிய எதையும் மறைப்பதில்லை. வெயில் பட்டால் குர்குமின் என்னும் அந்தச் சாயம் சிதைந்து சாயல் மங்கிவிடும். அடியில் உள்ள தோல் அப்படியே தெரியும். மறைக்கும் பூச்சும் சாயமேற்றும் பூச்சும் அடிப்படையிலேயே வெவ்வேறு பொருள்கள் என்பதை அழகு நிலைய விளம்பரங்கள் சொல்வதில்லை.

இனி பார்ப்பவர் பக்கம் வருவோம். ஒரு முகத்தை எடைபோட மனித மூளைக்கு வேண்டிய நேரம் திகைக்க வைக்கும் அளவுக்குக் குறைவு. 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, அழகு, நம்பகத்தன்மை, திறமை முதலியவற்றுக்கு மதிப்பிடச் சொன்னார்கள். கால வரம்பின்றிப் பார்த்தவர்கள் தந்த மதிப்பீடுகளோடு அவை பெரிதும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது பெரும்பாலும் கூடியது தீர்ப்பின் மேலிருந்த உறுதிதான். பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டோடு அவள் கூடத்துக்குள் வரும்போதே மனத்துக்குள் ஏதோ ஒன்றை முடிவு செய்துவிடுகிறார்கள்; பிறகு அரைமணி நேரம் பேசுவது அந்த முடிவுக்கு வலுச்சேர்க்கவே பெரிதும் பயன்படுகிறது என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கண நேரத்தில் கண் எதைப் பிடிக்கிறது? முதலாவதாக, தோலின் சீர்மையை. 2006இல் பெர்ன்ஹார்ட் ஃபிங்க், கார்ல் கிராமர், பால் மாட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் பல வயதுப் பெண்களின் தோல் நிறப் பரவலை எடுத்து, ஒரே வடிவமுள்ள முகங்களின் மேல் கணினியில் பொருத்திக் காட்டினார்கள். வடிவம் மாறாமல் நிறப் பரவல் மட்டும் மாறியபோதே, சீராகப் பரவியவை இளமையும் நலமும் அழகும் உடையவையாக மதிப்பிடப்பட்டன. இரண்டாவதாக, மாறுபாட்டை. புருவம், கண், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாகப் பெண் முகங்களில் ஆண் முகங்களைவிடக் கூடுதல் என்று உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் காட்டினார். கண்மையும் உதட்டுச் சாயமும் அந்த வேறுபாட்டைத்தான் மிகைப்படுத்துகின்றன. கண்மைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கசுனோரி மொரிகாவா குழுவினர் அளந்து பார்த்ததில், ஒப்பனை செய்த கண் உண்மை அளவைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு பெரிதாகத் தெரிந்தது. கண்ணின் எல்லையும் மையின் எல்லையும் அருகருகே இருக்கும்போது மூளை இரண்டையும் சேர்த்து ஒன்றாக அளந்துவிடுவதே காரணம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாறுபாடுதான் வேண்டும் என்றால், தோலை வெளுப்பாக்கினால் கரிய புருவமும் கண்ணும் இன்னும் எடுப்பாகத் தெரியாதா? தெரியும். ஆனால் கருமை நிறத் தோலில் விழிவெண்மையும் பல்லும் ஏற்கெனவே எடுப்பாக இருக்கின்றன. விழிவெண்மையின் தெளிவு இளமைக்கும் நலத்துக்கும் அடையாளமாகப் படிக்கப்படுகிறது என்பதும் ஆய்வில் கண்டதே. புருவத்துக்கும் கண்ணுக்கும் வேண்டிய மாறுபாட்டை மையே தந்துவிடும். வெளுத்த பூச்சோ தாடைக் கோட்டில், காதோரத்தில், கழுத்தில் புதிய மாறுபாடுகளை உண்டாக்குகிறது. எந்தச் சீர்மைக்காகப் பூச்சு போடப்பட்டதோ அதையே அது கெடுக்கிறது. சொந்த நிறத்துக்குப் பொருந்தும் பூச்சு, சீர்மையை இப்படியொரு கோடு விழாமல் தந்துவிடும்.

அப்படியானால் வெளுப்பு மேல் இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? வயலில் வேலை செய்பவர் வெயிலில் கறுப்பதும் நிழலில் இருப்பவர் கறுக்காமல் இருப்பதும் வசதியின் அடையாளமாகப் படிந்துபோனதும், சாதியின் ஏற்றத்தாழ்வு அதோடு பின்னிக்கொண்டதும் பழைய கதை. அதன் மேல் நிழற்படக் கருவி தன் பங்கைச் சேர்த்தது. வண்ணப் படச்சுருள் காலத்தில் நிறங்களைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட 'ஷெர்லி அட்டை'களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே அளவுகோலாக இருந்தது. கருமை நிறத் தோல் அந்த அளவுகோலில் விவரமிழந்து இருண்டது. இன்றைய கேமராவும் தானியங்கி முறையில் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணி அளக்கும்போது, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டை சட்டகத்தை நிறைத்தால் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் பெண்ணின் முகம் தேவையில்லாமல் இருள்கிறது. ஜாதகத்தோடு வாட்ஸ்அப்பில் போகும் செல்ஃபிக்கும் இதுபோன்ற குறை உண்டு. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணித்துக் காட்டினார்கள். கருவியின் குறைக்காகப் பெண் தன் முகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தீர்ப்பு திருமணத்தோடு நிற்பதுமில்லை. அழகாகத் தெரிபவரை நல்லவராகவும் திறமையுள்ளவராகவும் நினைத்துக்கொள்ளும் மனச்சாய்வை கேரன் டியான், எலன் பெர்ஷீட், எலைன் வால்ஸ்டர் ஆகிய உளவியலாளர்கள் 1972இலேயே பதிவு செய்தார்கள். 2016இல் ஜாக்லின் வோங், ஆண்ட்ரூ பென்னர் என்னும் சமூகவியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, கவர்ச்சியாக மதிப்பிடப்பட்டவர்கள் பெறும் கூடுதல் ஊதியத்தில் தோற்றப் பராமரிப்பின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். ஆண்களிடம் அது பாதியளவே இருக்க, பெண்களிடம் ஏறத்தாழ முழுவதுமாக இருந்தது. வரவேற்பு மேசையிலும் ஜவுளிக்கடைத் தளத்திலும் நிற்கும் நம் ஊர்ப் பெண்கள் இந்த ஆய்வைப் படிக்காமலேயே அறிந்திருக்கிறார்கள். விடிகாலையில் கண்ணாடி முன் அவர்கள் செலவிடும் நேரத்தை வீண் அலங்காரம் என்று பேசுவது அநியாயம்; அது சம்பளம் தரப்படாத வேலை.

பூச்சு கழுவினால் போய்விடும். சிவப்பழகுக் களிம்பு அப்படியல்ல. மெலனினைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை செய்து அனுப்பும் நிறமிப் பொதிகளின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. அந்தச் செல்களை முடக்கித்தான் பல சிவப்பழகுக் களிம்புகள் பலன் காட்டுகின்றன. ஸ்டீராய்டு கலந்தவை இரத்த நாளங்களைச் சுருக்குவதால் சில நாள்களிலேயே முகம் தெளிந்தாற்போல் தோன்றும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, நாளங்கள் வெளியே தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பருவும் பொங்கும். பாதரசம் கலந்தவை மெலனினை உருவாக்கும் நொதியையே தடுக்கின்றன, தோல் வழியே உடலுக்குள்ளும் புகுகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு அரிய சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். "புள்ளை கறுப்பா இருந்தாலும் களையா இருக்குது" என்று பாராட்டாகவே சொல்லப்படும் பேச்சு, பத்து வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்தால், ஒருத்தி அந்தக் களிம்பை வாங்குவதில் வியப்பென்ன?

அந்தப் பேச்சு மனத்துக்குள் செய்யும் வேலையை 1980இல் ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா என்னும் உளவியலாளர்கள் செய்த சோதனை விளக்குகிறது. பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனைப் பொருளால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டிவிட்டு, கலையாமலிருக்கக் கொஞ்சம் ஈரம் தடவுகிறோம் என்ற பெயரில் அவர்களுக்குத் தெரியாமல் அழித்துவிட்டார்கள். பிறகு அறிமுகமில்லாத ஒருவரோடு பேச வைத்தார்கள். தழும்பே இல்லாத முகத்தோடு பேசி வந்தவர்கள், எதிரிலிருந்தவர் தம் தழும்பையே உற்றுப் பார்த்ததாகவும் இறுக்கமாக நடந்துகொண்டதாகவும் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம், தழும்புக்குப் பதிலாக, "உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வாமை இருப்பதாக எதிரிலிருப்பவர் நம்புகிறார்" என்று சொல்லப்பட்டது; அவர்களிடம் இந்த விளைவு அவ்வாறு எழவில்லை. குறை இருக்கிறது என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டால், எதிரிலிருப்பவரின் சாதாரண அசைவையும் மனம் அதன் சான்றாகப் படித்துவிடுகிறது. ஆய்வகத்தில் அந்த எண்ணத்தை ஊன்றியவர்கள் ஆய்வாளர்கள். வீட்டில் அதை ஊன்றுகிறவர்கள் உறவினர்கள். அங்கே பேச்சும் உண்மை, உற்றுப் பார்ப்பதும் உண்மை. எனவே பெண்ணின் தன்னம்பிக்கைக் குறைவை அவளுடைய கற்பனை என்று ஒதுக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது.

ஒப்பனை வேண்டும் என்பவர்களுக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. ஷேடைத் தேர்ந்தெடுக்கும்போது கையின் பின்புறத்தில் தேய்த்துப் பார்க்காமல், தாடைக் கோட்டில் மூன்று ஷேடுகளைக் கோடிட்டு, கடை விளக்கிலிருந்து வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கழுத்தோடு கலந்து காணாமல் போவதே சரியான ஷேடு. மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு, எனவே தோலின் நிறமுள்ள சன்ஸ்கிரீன் வெள்ளைநிறச் சன்ஸ்கிரீனைவிட அவர்களுக்கு உதவும். நிழற்படக்காரரிடம் பெண்ணின் முகத்துக்கு ஒளியை அளந்து வைக்கச் சொல்லலாம். வேட்டி கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டுக் களிம்புக்குப் பழகிவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் குழாயைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் முறையில் படிப்படியாக விட வேண்டும்.