கடலூர்க் காய்கனி வெளிநாடு போக: சரக்கு மையம் கட்டக் கிடைக்கும் கடனும் மானியமும்

பண்ருட்டிப் பலா, ராமாபுரம் பக்கத்து வாழை, வெண்டை, கத்தரி என்று கடலூர் மாவட்டத்தில் விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஏற்றுமதி என்று வரும்போது சரக்கு பெரும்பாலும் கெடுவது துறைமுகத்தில் அல்ல, தோட்டத்தை விட்டுக் கிளம்பிய முதல் சில மணி நேரத்தில்தான். மதிய வெயிலில் பறித்த வெண்டையைச் சாக்கில் திணித்து லாரியில் ஏற்றினால், உள்ளிருக்கும் சூடு இறங்காமலே சென்னை வரை போகும். காம்பில் பால் வழியும் பலாவைத் தூக்கிப் போட்டால், அடிபட்ட இடம் கறுத்துவிடும். உள்ளூர்ச் சந்தையில் இதெல்லாம் விலை குறைந்தாவது ஓடும். வெளிநாட்டில் வாங்குபவர் ஏற்க மாட்டார்.

அதனால் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மையம் வேண்டும். காயைச் சேகரித்து, கழுவி, தரம் பிரித்து, சூடு தணித்து, பெட்டியில் அடைத்து, குளிர்சாதன லாரியில் ஏற்றுகிற இடம். இதைக் கட்ட அரசு வழியில் பணம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது மத்திய அரசு 2020இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதி. மொத்த ஒதுக்கீடு 1 லட்சம் கோடி ரூபாய். சிப்பம் கட்டும் கூடம், தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதனக் கிடங்கு, பழுக்கவைக்கும் அறை, சரக்குப் போக்குவரத்து வசதி எல்லாம் இதில் வரும். தனி விவசாயி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், சுய உதவிக் குழு, வேளாண் தொழில்முனைவோர் என்று பலரும் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

இது மானியத் தொகை அல்ல, வங்கிக் கடன். 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும், அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு. 2 கோடி வாங்கினால் முதல் ஆண்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் மிச்சம். அசல் குறையக் குறைய இதுவும் குறையும். அதற்கு மேல் கடன் வாங்கலாம், ஆனால் வட்டிச் சலுகை 2 கோடிக்கு மட்டும்தான். 2 கோடி வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் கடன் உத்தரவாதமும் உண்டு, அதற்கான கட்டணத்தை அரசே கட்டும். அடமானம் வைக்கச் சொத்து இல்லாத உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, வட்டிச் சலுகையைவிட இதுதான் பெரிய உதவி என்பேன்.

இதோடு தேசியத் தோட்டக்கலை வாரியம் போன்ற அமைப்புகளின் மானியத்தையும் சேர்த்துப் பெற இடமுண்டு. குளிர்பதனக் கிடங்குக்குச் சமவெளிப் பகுதியில், அவர்கள் நிர்ணயித்த செலவில் 35 சதவீதம். ஆனால் இது பின்னேற்பு மானியம். முதலில் கைக்கு வராது. கட்டி முடித்து ஆய்வு நடந்த பிறகு கடன் கணக்கில் சேரும். மானியம் எவ்வளவு வந்தாலும் திட்டச் செலவில் குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்காக இருக்க வேண்டும். மானியத்தை நம்பி வெளியில் கைமாற்று வாங்கிக் கட்டடத்தை ஆரம்பிக்காதீர்கள்.

கட்டடத்தைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைப்பது பலர் செய்கிற தவறு. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கருகியது போலாகிவிடும். பலாவுக்கும் கடுங்குளிர் ஆகாது. சின்னதாக இருந்தாலும் தனித்தனி அறைகளாக, வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் போடுங்கள். ஜெனரேட்டரையும், பலத்த காற்றைத் தாங்கும் கூரையையும், காப்பீட்டையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்த மாவட்டம் இது.

கட்டடம் எழும்போதே காகித வேலையையும் முடிக்க வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், கட்டணம் 500 ரூபாய். அப்புறம் வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபெடாவில் உறுப்பினர் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம். ஒவ்வொரு சரக்குக்கும், பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர சுகாதாரச் சான்று தனியாக வாங்க வேண்டும். வெண்டை, பாகல் போன்றவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போக, அபெடா அங்கீகரித்த கூடத்தில் சிப்பம் கட்டியிருக்க வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கு ஏற்றபடி வரைபடம் போடுவது பின்னால் இடித்துக் கட்டும் செலவைத் தவிர்க்கும்.

கடனுக்கு விண்ணப்பம் வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் இணையதளத்தில். திட்ட அறிக்கையைப் பதிவேற்றி, வங்கியைத் தேர்ந்தெடுத்தால், சரிபார்ப்புக்குப் பின் அந்த வங்கிக்குப் போகும். கடன் வழங்கும் காலம் 2025-26 வரை என்று வகுக்கப்பட்டதால், இப்போதைய நிலையை வங்கியிலோ கடலூர் வேளாண் வணிகத் துறை துணை இயக்குநர் அலுவலகத்திலோ முதலில் கேட்டுவிடுங்கள். திட்ட அறிக்கை தயாரிப்பதற்கும் அங்கேயே வழி கேட்கலாம். போகும்போது நிலப் பத்திரம், உறுப்பினர் பட்டியல், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதற்கு ஏதாவது ஓர் ஒப்பந்தக் கடிதம், இவற்றோடு போங்கள். வாங்குபவர் யார் என்று சொல்ல முடியாத திட்டத்துக்குக் கடன் கொடுக்க வங்கி மேலாளர் தயங்குவார், அது நியாயமும்கூட.