அல் கிந்தியின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இசை கேட்டாலே பக்கவாதம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நோயாளியின் வீட்டார் அவ்வப்போது காட்டுவார்கள், அதில் அல் கிந்தி பெயரும் இருக்கும்.

அல் கிந்தி பெரிய ஆள்தான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த தத்துவ அறிஞர். இசையின் கணக்கைப் பற்றி அரபியில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். ஊத் என்ற நரம்பு வாத்தியத்தில் எந்த இடத்தில் விரல் வைத்தால் என்ன சுரம் என்று எழுத்துகளால் குறித்தார். அதன் நான்கு தந்திகளையும் உடம்பை ஆள்வதாக அப்போது நம்பப்பட்ட நான்கு திரவங்களான ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றோடு பொருத்தினார். அந்தக் கால மருத்துவம் அப்படி.

இப்போது கதைக்கு வருவோம். அவர் இறந்து 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இப்னு அல் கிஃப்தி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தது இது. ஒரு வியாபாரியின் வரவு செலவையெல்லாம் பார்த்துக்கொண்ட மகன் திடீரென உணர்விழந்து விழுகிறான், வைத்தியர்கள் கைவிட்டுவிட, அல் கிந்தி தன் மாணவர்களை அவன் தலைமாட்டில் ஊத் வாசிக்கச் சொல்லி நாடியைப் பிடித்தபடியே இருக்கிறார். மெல்ல நாடி வலுக்கிறது, மகன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான். பரவுகிற செய்தி இங்கே முடிந்துவிடும்.

மீதிக் கதை இதுதான்: மகனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொல்கிறார் அல் கிந்தி. அப்பா கணக்குகளை எழுதிக்கொள்கிறார். வாசிப்பு தடுமாறியதும் மகன் பழைய நிலைக்கே போய்விடுகிறான். தொடர்ந்து வாசிக்கச் சொல்லி அப்பா கெஞ்ச, அவனுக்கு மிச்சமிருந்த ஆயுள் அவ்வளவுதான் என்று அல் கிந்தி கைவிரித்துவிடுகிறார். குணமானதாக அந்த நூலே சொல்லவில்லை.

இசைக்குப் பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேச வராத சிலர் தெரிந்த பாட்டை வரி பிசகாமல் பாடுவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டுச் சொற்களைச் சொல்லவைக்கும் பயிற்சி 1970களிலிருந்தே இருக்கிறது. ஆனால் அதெல்லாம் உயிர் பிழைத்த அப்புறம். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு போங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.